எந்தச் சிவப்பு என்று நீதான் சொல்ல வேண்டும்

அன்புள்ள சேகர்,

நான் பதிலே போடுவதில்லை என்று பாலுவிடம் புலம்பினாயாமே, அது அன்றைக்கே எனக்கு வந்துவிட்டது. சரி, திட்டியாகிவிட்டது அல்லவா, இனிப் படி. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். சின்னவள் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மிலிட்டரி சார் இன்னும் விடிவதற்கு முன்பே வந்து கேட்டைத் தட்டுகிறார், அவரை ஒன்றும் செய்வதற்கில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஃபெராரி எஃப்40 கட்டிக்கொண்டிருக்கிறேன், சிரிக்காதே. நிஜக் கார் இல்லை, தமியா என்கிற ஜப்பான் கம்பெனியின் பிளாஸ்டிக் மாடல் கிட், நிஜத்தில் 24இல் ஒரு பங்கு அளவு, மாப்பிள்ளை ஜப்பானிலிருந்து கொண்டுவந்தது. நிஜக் கார் 4.36 மீட்டர் நீளம், இது 18 சென்டிமீட்டர் சொச்சம். பின்பக்க மூடியைத் தூக்கினால் உள்ளே அந்த வி8 எஞ்சின், இரண்டு டர்போவோடு. இதையெல்லாம் கடையில் கட்டி முடித்தே விற்கிறானே என்று உன் தங்கச்சி கேட்டாள், நீயும் அதைத்தான் கேட்பாய். 1976இல் வந்த போர்ஷே 934 கிட்டுக்காக நிஜ போர்ஷே 911 கார் ஒன்றையே விலைக்கு வாங்கிப் பிரித்துப் பார்த்த ஆட்கள் தமியா. அவர்கள் அவ்வளவு மெனக்கெட்டு அச்சுப் போட்டதை நாம் உட்கார்ந்து ஒட்டக்கூடவா கூடாது?

ஒட்டுவது சுலபம். பெயிண்ட்தான் ஆளைக் கொல்கிறது. அடியில் பிரைமர், நிறம், அதற்கு மேல் நிறமில்லாத கிளியர் என்று எல்லாம் சேர்ந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் வந்துவிட்டது என்று வை. 24ஆல் பெருக்கிப் பார், நிஜக் காரில் 2.4 மில்லிமீட்டர்! எந்த ஷெட்டில் அப்படி அப்புவான்? நிஜத்தில் கதவு இடுக்கு 5 மில்லிமீட்டர் என்றால் இதில் 0.2, இரண்டு பக்கமும் பெயிண்ட் ஏறினால் இடுக்கே இருக்காது, கதவு வரைந்து வைத்தது போல் ஆகிவிடும். அதனால் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே எல்லாக் கோடுகளையும் ஊசிமுனைக் கருவியால் ஆழமாகக் கீறிவிட வேண்டும். அப்புறம் புகை போவது போல மெல்லிசாக ஒவ்வொரு பூச்சு. பளபளப்பும் அளவுக்கு மேல் போகக் கூடாது. கிளியரை ஊற்றிக் கண்ணாடி மாதிரி தேய்த்து வைத்துவிட்டு ரியலிஸ்டிக் என்று போட்டோ போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதிலும் இந்தக் கார். 1987இல் ஃபெராரி தன் நாற்பதாம் ஆண்டுக்காகக் கொண்டுவந்தது, கம்பெனியை ஆரம்பித்த கிழவர் என்ஸோ சம்மதம் கொடுத்து வெளிவந்த கடைசிக் கார், மறுவருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். எடையைக் குறைக்க வேண்டும், அது ஒன்றுதான் குறி. கார்பெட் கிடையாது, ரேடியோ கிடையாது, உள்ளேயிருந்து கதவைத் திறக்க ஒரு கயிற்றை இழுக்க வேண்டும். பாடி கெவ்லார், கார்பன் என்ற உறுதியான இழைத் துணிகளில் செய்தது, அதன் மேல் பெயிண்டை எவ்வளவு கஞ்சத்தனமாக அடித்திருக்கிறார்கள் என்றால் சாய்வான வெளிச்சத்தில் துணியின் நெசவு தெரியும். அந்த நெசவைக் காட்டுவதற்கென்றே டீக்கல், அதாவது ஒட்டுப்படம், விற்கிறார்கள், ஆனால் அதன் கட்டங்கள் இந்த அளவுக்கு ரொம்பப் பெரிசு, நான் ஒட்டவில்லை.

எனக்குப் பிடித்த இடம் வேறு. உள்ளே பாகங்கள் சேரும் ஓரங்களில் பச்சையும் மஞ்சளுமாகப் பசை பிதுங்கி நிற்கும், துடைக்கக்கூட இல்லை. அவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறவனுக்கு அப்படியே கொடுத்திருக்கிறார்கள் பார்! 000 என்கிற மெல்லிய பிரஷ்ஷில் முக்கால்வாசி முடியைக் கத்தரித்துவிட்டு, மஞ்சளில் ஒரு சொட்டுப் பச்சை கலந்து, கதவுக்குக் கீழே அந்த ஓரம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்திருக்கிறேன். வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக. கதவுக் கயிற்றுக்கு உன் தங்கச்சியின் கறுப்பு நூல், இது அவளுக்குத் தெரியாது.

மழைக்காலம் வந்தால் சென்னையில் லாக்கர் பெயிண்ட் அடிக்கவே முடியாது, ஈரத்தில் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். அதனால் இப்போதே பாடியை முடித்தாக வேண்டும். இங்கேதான் இடிக்கிறது.

கண் டாக்டரைப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் புரை, இடதில் அதிகம். அவசரமில்லை, ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம் என்கிறார். ஆபரேஷனுக்குப் பயப்படவில்லை. புரை வந்தால் லென்ஸ் மஞ்சளடிக்கும் என்றாரே, அதுதான் தூங்க விடவில்லை. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன் சேகர், வெள்ளை பிரைமர் பழுப்பேறிய வேட்டியாகத் தெரிகிறது. நான் பார்க்கிற சிவப்பு சிவப்புதானா? சிவப்பு பெயிண்ட் அடியில் இருப்பதை முழுசாக மறைக்காது. வெள்ளை மேல் அடித்தால் ஒரு சிவப்பு, சாம்பல் மேல் அடித்தால் மங்கல், ரோஸ் மேல் அடித்தால் ஆழம். இதில் எது ஃபெராரி சிவப்பு என்று பார்த்துத்தானே முடிவு செய்ய வேண்டும்? எத்தனை வருஷமாக எல்லாவற்றையும் இந்த மஞ்சள் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, யாருக்குத் தெரியும். பெரியவளின் கல்யாணப் புடவையைக்கூட நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

உனக்கு ஒரு கண்ணில் புரை ஆபரேஷன் முடிந்துவிட்டது, அதனால் சொந்தத்தில், நட்பில் நம்பத்தகுந்த கண் உன்னிடம்தான் இருக்கிறது. பாலு அடுத்த வாரம் திருச்சி வருகிறான், அவனிடம் பெயிண்ட் அடித்த சில பிளாஸ்டிக் ஸ்பூன்கள் கொடுத்துவிடுகிறேன், எல்லாம் இத்தாலியன் ரெட் என்ற ஒரே சிவப்பு, அடிநிறம் மட்டும் வேறு வேறு. பின்னால் எண் போட்டிருக்கிறேன். டியூப்லைட்டில் பார்க்காதே, மொட்டை மாடியில் காலை வெயிலில், ஆபரேஷன் ஆன கண்ணால் மட்டும் பார். முதலில் எண்ணை எழுதிக்கொள், அப்புறம் மற்றக் கண்ணால் பார்த்து வேறு எண் வருகிறதா என்றும் சொல். அவற்றில் பாயசம் சாப்பிட்டுவிடாதே, உன்னை நம்ப முடியாது.

ஆஸ்பத்திரியில் மொத்தம் எவ்வளவு ஆனது, எந்த லென்ஸ் வைத்தார்கள் என்பதையும் எழுது.

அன்புடன்,
பாஸ்கரன்