ஆறு வாக்குகள் சொல்வது என்ன?

ஆசிரியருக்கு,

அமெரிக்க அதிபர் தேர்தல் வந்தால் போதும், நள்ளிரவில் வாக்களிக்கும் டிக்ஸ்வில் நாட்ச் சிற்றூரை ஊடகங்கள் ஜோசியக் கிளியாக்கிவிடுகின்றன. அவ்வூரின் ஆறு வாக்குகளால் நாட்டின் மனநிலையை அளக்க முடியாது. பார்க்க வேண்டியது வேறு. 2024இல் அந்த ஆறு பேரில் நால்வர் குடியரசுக் கட்சியில் பதிவு செய்தவர்கள். இருவர் எக்கட்சியையும் சாராதவர்கள். கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க ஜனவரியில் நடந்த முதல்நிலைத் தேர்தலில் ஆறு வாக்குகளும் குடியரசுக் கட்சிக்குள் டிரம்பை எதிர்த்த நிக்கி ஹேலிக்கு விழுந்தன. நவம்பரிலோ குடியரசுக் கட்சியின் டிரம்புக்கு 3, ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸுக்கு 3. அப்படியென்றால், குடியரசுக் கட்சிக்காரர் ஒருவராவது தம் கட்சியை மீறி வாக்களித்திருக்கிறார்! எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் இதற்குத் துணிவு வேண்டும். சமநிலை என்ற முடிவோடு நிறுத்தாமல், இந்தக் கட்சிப் பதிவு விவரங்களையும் தங்கள் நாளிதழ் சேர்த்து வெளியிட வேண்டும்.

- வாசகர், மதுரை