டோக்கியோ கிளம்பும் முன் போனோடு ஒரு சாயங்காலம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பங்குனியில் செர்ரிப் பூ பார்க்க எங்கள் அலுவலகத்தில் டோக்கியோவுக்குப் பதிவு செய்திருக்கும் எல்லாருக்கும் இந்த மடல். விசா, டிக்கெட், ஹோட்டல் வேலைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உங்கள் போனுக்குள் செய்ய வேண்டிய வேலையை மட்டும் நீங்கள்தான் செய்ய முடியும்.

இதில் எங்கள் சுயநலமும் உண்டு. ஜப்பான் கடிகாரம் நம்முடையதைவிட மூன்றரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. அங்கே காலை ஆறு மணிக்கு ஒருவர் ஸ்டேஷன் வாசலில் நின்று "சார், ஓடிபி வரமாட்டேங்குது" என்று கூப்பிட்டால், திருச்சியில் இரவு மணி இரண்டரை. போன சீசனில் வந்த இந்த மாதிரி அழைப்புகளை ஒரு நோட்டில் குறித்து வைத்தோம். பெரும்பாலானவை, வீட்டு வைஃபையில் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தால் வந்தே இருக்காது.

முதலில் சிம். ஊர் சிம்மைக் கழற்றி பர்ஸில் போட்டுவிடாதீர்கள். வங்கியின் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். சிம்மை எடுத்துவிட்டால் யூபிஐ ஆப்பும் வங்கி ஆப்பும் உங்களை வெளியே தள்ளிவிடும். ஊர் சிம் போனிலேயே இருக்கட்டும், அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். வெளிநாட்டில் எஸ்எம்எஸ் வருமா என்று கிளம்பும் முன் உங்கள் சிம் கம்பெனியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இணையத்துக்குத் தனியாக ஒரு இ-சிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே ஏற்றிக்கொள்ளும் சிம். உங்கள் போனில் இ-சிம் ஏறுமா என்று தெரிய *#06# அழுத்துங்கள். வரும் எண்களில் ஈஐடி என்று ஒன்று இருந்தால் ஏறும். வாட்ஸ்அப்பில் பழைய நம்பரே தொடரும், கவலை வேண்டாம்.

அடுத்தது விசிட் ஜப்பான் வெப். இதை ஆப் ஸ்டோரில் தேடாதீர்கள். இது ஜப்பான் அரசின் இணையதளம், காசு கிடையாது. குடிநுழைவுக்கும் சுங்கத்துக்குமான விவரங்களை முன்கூட்டியே நிரப்பினால் ஒரு க்யூஆர் கோடு கிடைக்கும். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலைய வரிசையில் நெட் தேடி நிற்க வேண்டாம். நம் வாடிக்கையாளர் ஒருவர் கூகுளில் தேடி, மேலே வந்த ஏதோ ஒரு தளத்தில் கார்டு போட்டுப் பணம் கட்டிவிட்டார். பணம் கேட்டாலே அது வேறு இடம் என்று புரிந்துகொள்ளுங்கள். சரியான முகவரியை உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறோம்.

ஊருக்குள் சுற்ற கூகுள் மேப்ஸ் போதும். டோக்கியோ ரயில்களுக்கு அது கொடுக்கும் விவரம் அபாரம்: எந்த நடைமேடை, எத்தனை யென், எந்த வாசல் வழியாக வெளியே வருவது என்பது வரை சொல்லும். அந்தக் கடைசி விஷயத்தைத்தான் நம்மவர்கள் கவனிப்பதில்லை. டோக்கியோவின் ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு வாசல்கள் மட்டும் சுமார் 200. அதில் தெற்கு வாசல் என்று ஒன்று, புதிய தெற்கு என்று ஒன்று, தென்கிழக்கு என்று இன்னொன்று. "சவுத் பக்கம் நிக்கிறேன்" என்று அப்பா ஒரு வாசலில், "நானும் சவுத்துலதான் நிக்கிறேன்" என்று மகன் இன்னொரு வாசலில், முக்கால் மணி நேரம் போனில் சண்டை போட்டுக்கொண்டே நின்ற குடும்பம் ஒன்று உண்டு. இறங்கும் முன்பே வாசலின் பெயரைப் பார்த்துவிட்டு, மேலே தொங்கும் மஞ்சள் பலகைகளைப் பின்தொடருங்கள். அப்புறம், ரயிலுக்குள் போனில் பேசுவது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. சண்டையை வெளியே வந்து வைத்துக்கொள்ளலாம். நள்ளிரவு வாக்கில் ரயில்கள் நின்றுவிடும், அதற்குமேல் டாக்சிதான். அதற்கு கோ என்ற ஆப் இருக்கிறது, ஊபரும் வரும். ஏறும்போதே மீட்டர் 500 யென் காட்டும். கதவு தானாகத் திறக்கும், நீங்கள் இழுக்க வேண்டாம்.

ரயில் கட்டணத்துக்கு மட்டும் நாங்கள் ஆப் வேண்டாம் என்கிறோம். சூய்க்கா என்ற, முன்கூட்டியே பணம் ஏற்றி வைக்கும் ரயில் கார்டைப் போனுக்குள்ளேயே வைத்துக்கொண்டு தட்டித் தட்டிப் போவதை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அது ஃபெலிக்கா என்ற தொழில்நுட்பத்தில் ஓடுவது. ஜப்பானுக்கு வெளியே விற்கும் ஆண்ட்ராய்டு போன்களில் அது வேலை செய்யாது. ஐபோனில் வேலை செய்யும். ஆனால் அங்கே பணம் ஏற்ற ஆப்பிள் பே வழி போக வேண்டும், நம் ஊர் வங்கிக் கார்டுகளோடு அதில் மல்லுக்கட்டி நேரம் போக்க வேண்டாம். நரிட்டா விமான நிலையத்திலோ ஹனேடா விமான நிலையத்திலோ இறங்கியதும், சுற்றுலாப் பயணிகளுக்கான வெல்கம் சூய்க்கா கார்டை ஆளுக்கு ஒன்று வாங்கிவிடுங்கள். 28 நாள் செல்லும், டெபாசிட் இல்லை. மீதிப் பணம் திரும்பி வராது என்பதால் ஒரேயடியாக நிறைய ஏற்றாதீர்கள். மெட்ரோ, பஸ், கடைத்தெரு, குளிர்பான மெஷின், சாமான் வைக்கும் லாக்கர் என்று பல இடங்களில் செல்லும். ஸ்டேஷன் மெஷினில் பணம் ஏற்ற ரொக்கம்தான் வேண்டும். செவன் லெவன் கடைகளில் இருக்கும் ஏடிஎம்களில் நம் விசா, மாஸ்டர் கார்டுகளுக்குப் பணம் வரும். ஆனால் வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஊரிலேயே திறந்துவிட்டுப் போனால்தான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஜப்பான் மொழியை ஊரிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். கேமராவை லேபிள் மேல் பிடித்தால் எழுத்து மாறி வரும். தமிழுக்கும் மாற்றும், ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் ஆங்கிலத்துக்கு மாற்றிப் பார்ப்பதே எங்களுக்கு நம்பிக்கையாக இருக்கிறது. போன முறை நானே ஒரு கடையில் காய்கறி ஊடோன் (ரசத்தில் வரும் தடித்த நூடுல்ஸ்) கேட்டு வாங்கினேன். கிண்ணத்தில் கேரட்டும் கீரையும்தான் தெரிந்தன. வாயில் வைத்ததும் கருவாட்டு வாசம். அந்த ரசத்தின் பெயர் தாஷி. கட்சுவோ என்கிற மீனைக் காயவைத்துச் சீவி, அதைக் கொதிக்க வைத்து எடுப்பது. பாதி ஜப்பான் சமையல் அதில்தான் நிற்கிறது. ஆகவே "இறைச்சி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் "இல்லை" என்று நேர்மையாகத்தான் சொல்வார்கள். "மீன் தாஷி இருக்கிறதா?" என்று எழுதிக் காட்டுங்கள். பாக்கெட்டில் இருக்கும் ஒவ்வாமைக் கட்டத்தை நம்பியும் இருந்துவிடாதீர்கள். முட்டை, பால், இறால், நண்டு சேர்த்திருந்தால் அதில் கட்டாயம் போட வேண்டும், மீனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சைவக் கடைகளைத் தேட ஹேப்பிகவ் என்ற ஆப் நன்றாக உதவும்.

கியோட்டோவும் சேர்த்துப் போகிறவர்கள் ஸ்மார்ட் இஎக்ஸ் ஆப்பில் புல்லட் ரயில் சீட்டைத் தாங்களே எடுக்கலாம். சாதாரணப் பெட்டியில் ஆங்கில ஈ (E) என்று முடியும் சீட்டாகப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து கிளம்பி முக்கால் மணி நேரத்தில் அந்த ஜன்னலில் ஃபூஜி மலை வரும், மேகம் மனது வைத்தால். நம் ஆட்களின் பெட்டி அளவு எங்களுக்குத் தெரியும் என்பதால் இன்னொன்று: நீளம், அகலம், உயரம் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் போகும் பெட்டிக்கு, பெரிய சாமான் இடமுள்ள சீட்டை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென் வாங்குவார்கள்.

சேஃப்டி டிப்ஸ் என்ற ஆப்பும் இருக்கட்டும். ஜப்பான் சுற்றுலாத் துறையின் மேற்பார்வையில் வருவது, நிலநடுக்க எச்சரிக்கையை ஆங்கிலத்தில் கொடுக்கும். எல்லாப் போன்களும் ஒன்றாகக் கத்தினால் பதற வேண்டாம், பக்கத்தில் இருப்பவர்கள் செய்வதைச் செய்யுங்கள். போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119.

இவ்வளவும் ஓட சார்ஜ் வேண்டும். அங்கே மின்சாரம் 100 வோல்ட், பிளக் இரண்டு தட்டைப் பின். நம் உருண்டைப் பின் நுழையாது. பவர் பேங்க்கை கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமானத்தில் அதைத் தலைக்கு மேல் இருக்கும் பெட்டியில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள்.

படிக்கவே தலை சுற்றுகிறது என்றால், கிளம்புவதற்கு முந்தின இரண்டு சனிக்கிழமைகளில் மாலை 4 மணிக்குமேல் அலுவலகத்துக்கு வாருங்கள். போன், சார்ஜர், பாஸ்போர்ட், ஜிமெயில் பாஸ்வேர்டு நான்கும் வேண்டும். பாஸ்வேர்டு பேரனுக்குத்தான் தெரியும் என்றால் பேரனையும் கூட்டி வாருங்கள். காபி எங்கள் செலவு.

அன்புடன்,
உங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தார்
திருச்சி