ஆபரேஷனுக்கு முன்னால் இருக்கும் இரண்டு வாரம்

அம்மாடி,

நேற்று வீடியோ காலில் நீ முடியை ஒதுக்கினபோது கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் சரிந்து போனதைப் பார்த்தேன், அதற்கப்புறம் நீ பேசினது எதுவும் என் காதில் ஏறவில்லை. நாலு மாதத்தில் 62 கிலோ 55 ஆகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாய், அதிலும் 'குடலைத்தானே வெட்டப் போறாங்க, காலியா இருந்தா நல்லதுதானே' என்று வேறு.

நல்லதில்லை. கெட்ட பகுதியை எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பார்கள், அந்த இடம் கூடிவர உடம்புக்குப் புரதம் வேண்டும், கையிருப்பு இல்லையென்றால் தசையைக் கரைத்துத்தான் எடுத்துக்கொள்ளும். அப்போது புண் ஆற நாளாகும், சீழ் பிடிக்கும், தைத்த இடம் கசியவும் வாய்ப்பு கூடும். இது ரொம்பப் பழைய சங்கதி. 1936-இல் ஸ்டட்லி என்ற டாக்டர், வயிற்றுப் புண்ணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் எடையைக் கணக்குப் பார்த்தார். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இளைத்துப் போனவர்களில் மூன்றில் ஒருவர் பிழைக்கவில்லை, மற்றவர்களில் நூற்றுக்கு மூன்று நாலு பேர்தான். (பயப்படாதே, பென்சிலின்கூடப் புழக்கத்துக்கு வராத காலம் அது.)

நீ இழந்தது 11 சதவீதம். ஆறு மாதத்துக்குள் பத்தைத் தாண்டினாலே டாக்டர்கள் யோசிப்பார்கள், 7 முதல் 14 நாள் ஆபரேஷனைத் தள்ளிவைத்துச் சத்து ஏற்றுவதும் உண்டு, அப்படிச் சொன்னால் சண்டைக்குப் போகாதே. அவர்கள் கேட்கட்டும் என்று இருக்காமல் நீயே வாயைத் திறந்து எடைக் கணக்கைச் சொல்.

உன் எடைக்கு ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 66 முதல் 82 கிராம் புரதம் வேண்டும், ஒரு முட்டையில் 6 கிராம்தான், பார்த்துக்கொள். தட்டு நிறையச் சாப்பிட முடியாது, தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக ஆறேழு தடவை சாப்பிடு, அதுவும் இறங்காவிட்டால் சத்துப் பானம் எழுதித் தரச் சொல். குடல் குறுகியிருந்தால் நார்ச்சத்து சிக்கிக்கொள்ளும், அதனால் டயட்டீஷியனைக் கேட்காமல் என் பேச்சை நம்பி எதையும் அள்ளிப் போட்டுக்கொள்ளாதே.

எனக்குச் செய்தபோது முந்தின ராத்திரியிலிருந்தே பச்சைத் தண்ணீர் கிடையாது, மறுநாள் மத்தியானம் ஸ்ட்ரெச்சரில் ஏறும்போது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இப்போது பொதுவாக 6 மணி நேரம் முன்பு வரை சாப்பாடு, 2 மணி நேரம் முன்பு வரை தெளிந்த பானம் என்கிறார்கள், ஆனால் குடல் அடைப்பு இருந்தால் கதை வேறு, உன் மயக்க மருந்து டாக்டர் சொல்லும் நேரம்தான் உனக்கு.

சரி, நாளைக் காலையில் எடை பார்த்து எனக்கு அனுப்பு. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறு.

அப்பா