ஷார்லோத்தையும் மார்ஸலினையும் முழுசாகப் பேச விடுங்கள்: நாடக இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களே,

மோலியேரின் 'டான் ஜுவான்', பொமார்ஷேயின் 'ஃபிகாரோவின் திருமணம்' ஆகிய பழைய பிரெஞ்சு நாடகங்களை இன்றும் மேடையேற்றிவரும் உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். இந்த நாடகங்களை விரும்பிப் படிப்பவன், கிடைக்கும்போதெல்லாம் பார்ப்பவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. ஒரே ஒரு கோரிக்கைதான். மயக்குகிறவனின் வசனங்களை முழுசாக வைத்துக்கொண்டு, அவனிடம் ஏமாந்தவர்கள் வாய் திறக்கும் இடங்களைச் சுருக்காதீர்கள்.

'டான் ஜுவான்' 1665 பிப்ரவரி 15 அன்று பாரிஸின் பலே-ரொயால் அரங்கில் முதன்முதலாக நடந்தது. மொத்தம் 15 முறைதான் மேடையேறியது. ஈஸ்டர் இடைவேளைக்குப் பிறகு அது திரும்ப வரவில்லை. மோலியேர் இறந்த பிறகு, 1677இல், நாடகாசிரியர் தொமா கோர்னெய் அதைச் செய்யுளாக்கி, காரத்தைக் குறைத்துக் கொடுத்தார். அடுத்த ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிரெஞ்சு மேடை அறிந்த டான் ஜுவான் அதுதான். மூல நாடகம் 1841இல்தான் பாரிஸில் மறுபடி மேடை கண்டது. அன்றைய பயம் கடவுள் நிந்தனையைப் பற்றியது. ஏழை ஒருவனிடம் தங்கக் காசைக் காட்டி, சாமியைத் திட்டினால் தருவேன் என்று டான் ஜுவான் ஆசை காட்டும் காட்சி அப்போதே வெட்டுப்பட்டது. இன்று அந்தக் காட்சியில் யாரும் கை வைப்பதில்லை, சந்தோஷம். ஆனால் நேரம் போதவில்லை என்றதும் கத்திரி வேறு பக்கம் போவதை நான் பார்த்த சில தயாரிப்புகளில் கவனித்தேன்.

முதல் அங்கத்தில் டான் ஜுவானின் அந்தப் புகழ்பெற்ற பேச்சு வருகிறது. ஒருத்தியோடு நிற்க முடியாது, அலெக்சாந்தரைப் போல வெல்ல இன்னும் உலகங்கள் வேண்டும் என்கிறான். எந்த நடிகருக்கும் பிடிக்கும் பேச்சு, அரங்கும் சொக்கித்தான் போகும். சரி, இருக்கட்டும். அதே காட்சியில் இன்னொன்றும் சொல்கிறான். கல்யாணம் நிச்சயமான ஒரு ஜோடியைப் பார்த்தானாம். இருவரும் அவ்வளவு அன்பாக இருந்ததைப் பொறுக்க முடியவில்லையாம். அந்தப் பெண்மேல் தன் காதல் பொறாமையில்தான் தொடங்கியது என்று அவனே ஒப்புக்கொள்கிறான். எனக்கு அவனுடைய ஆசையின் அடிவேர் இந்த வரிகளில்தான் தெரிகிறது. இதை முணுமுணுத்துக் கடந்துவிட்டால் மேடையில் மிஞ்சுவது ஒரு சுதந்திர வீரன்.

இரண்டாம் அங்கத்துக்கு வருகிறேன். பெரும்பாலும் கிராமத்துப் பெண்களின் அசட்டுத்தனமாக நடிக்கப்படும் பகுதி இது, என் ஆதங்கம் முழுக்க இங்கேதான். டான் ஜுவான் மணப்பதாக ஆசை காட்டும் கிராமத்துப் பெண் ஷார்லோத்தை ஒருமுறை பொறுமையாகக் கேளுங்கள். பெரிய இடத்து ஆண்களை நம்பக் கூடாது என்று தனக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள் என்கிறாள். ஏழைதான், ஆனால் மானம் பெரிது என்கிறாள். அவன் கல்யாணப் பேச்சை எடுத்த பிறகும், அத்தை சம்மதித்தால் சரி என்கிறாள். அந்தக் காலத்துப் பிரெஞ்சுச் சட்டத்தை நினைத்துப் பாருங்கள். 1556இன் அரசாணைப்படி, பெற்றோர் சம்மதமின்றி ரகசியமாக மணந்த பிள்ளைகளுக்குச் சொத்து இல்லாமல் போகலாம். 1579இன் புளுவா ஆணை, கல்யாணத்துக்கு முன்னறிவிப்பும் சாட்சிகளும் வேண்டும் என்றது. அத்தனை காவலையும் தாண்டிப் போக டான் ஜுவானிடம் இருப்பது உயர்குல உடையும் வாய்ச் சத்தியமும்தான். ஷார்லோத் அவன் முகத்தை மட்டும் பார்த்து மயங்கவில்லை, கணக்கும் போடுகிறாள். தான் சீமாட்டி ஆனால் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் நம் வீட்டுக்கு நீதான் கொண்டுவருவாய் என்று தன்னைக் கட்டிக்கொள்ள இருந்த பியரோவுக்கே ஆறுதல் சொல்கிறாள். டான் ஜுவானைக் கடலில் மூழ்காமல் காப்பாற்றியவன் இந்தப் பியரோ. அவனுக்குக் கிடைத்த கைம்மாறு கன்னத்தில் அறை. இவ்வளவும் எழுத்தில் இருக்கும்போது ஷார்லோத்தை ஏன் விவரம் தெரியாதவளாகவே காட்ட வேண்டும்?

நான்காம் அங்கத்தில் கடன் கேட்டு வரும் வியாபாரி திமான்ஷின் காட்சியைத் தனிச் சிரிப்புத் துணுக்காக நினைக்காதீர்கள். மனைவி நலமா, மகள் எப்படி, பையன் இன்னும் மேளம் தட்டுகிறானா, நாய் குரைக்கிறதா என்று விசாரித்து விசாரித்தே அவரைக் காசு கேட்கவிடாமல் அனுப்பிவிடுகிறான். ஷார்லோத்திடம் செய்ததும் இதே வேலைதான். இரண்டு காட்சிகளையும் ஒரே தொனியில் நடித்துப் பாருங்கள், நாடகமே வேறாகத் தெரியும்.

அப்புறம் எல்வீர். மடத்தை விட்டு இவனுக்காக வந்து, இவனைக் கைப்பிடித்து, கைவிடப்பட்டவள். திரும்ப வரும்போது கோபமில்லை, திருந்து என்று அழுது வேண்டுகிறாள். அவன் சொல்வது, நேரமாகிவிட்டது, இங்கேயே தங்கிவிடு என்று. அவள் போன பிறகு வேலைக்காரனிடம், அந்தக் கலைந்த உடையும் கண்ணீரும் அணைந்த நெருப்பைக் கொஞ்சம் கிளறிவிட்டன என்கிறான். உடனே சாப்பாடு கேட்கிறான். இந்த இடத்தில் இசை போட்டு நெகிழவைக்காதீர்கள், தயவுசெய்து. மோலியேர் இதைக் கேட்கவே கூசும்படி எழுதியிருக்கிறார், அது அப்படியே வரட்டும்.

'ஃபிகாரோவின் திருமணம்' 1784 ஏப்ரல் 27 அன்று முதலில் மேடையேறியது. வேலைக்காரப் பெண்ணின் முதலிரவில் பிரபுவுக்கு இருந்த பழைய உரிமையைத் தானே கைவிட்டுவிட்டு, அதை ரகசியமாகத் திரும்பப் பெறப் பார்க்கும் பிரபுவைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மூன்றாம் அங்கத்தில் மார்ஸலின் பேசுவதை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? இளவயதில் மருத்துவர் பார்த்தலோவிடம் ஏமாந்து பிள்ளை பெற்றவள் அவள். அந்தப் பிள்ளைதான் பிரபுவின் வேலைக்காரன் ஃபிகாரோ என்ற உண்மை தெரிந்த பிறகும் அவளை மணக்கப் பார்த்தலோ மறுக்கிறான். அப்போது வெடிக்கிறாள்: சொத்து என்று வந்தால் எங்களை மைனராக நடத்துகிறீர்கள், தப்பு என்று வந்தால் மேஜராகத் தண்டிக்கிறீர்கள். பெண்கள் பிழைக்க இருந்த தையல் வேலையைக்கூட ஆண்களுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்கிறாள். மேடையில் நடிகர்கள் அந்தப் பேச்சை வெட்டினார்கள். பொமார்ஷே விடவில்லை. அச்சில் அதை முழுசாகச் சேர்த்து, பாரிஸ் காட்சிகளில் இந்தப் பகுதி நீக்கப்பட்டது என்று குறிப்பும் போட்டார்.

உங்கள் அடுத்த தயாரிப்பில் நிமிடங்களைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால், 'டான் ஜுவான்' முடிவில் அவனைத் தண்டிக்கச் சிலை வரும்போது விடும் புகையிலும் இடியிலும் குறையுங்கள். அந்த நிமிடங்களை ஷார்லோத்துக்குக் கொடுங்கள். 'ஃபிகாரோவின் திருமணம்' என்றால், மார்ஸலினாக நடிக்க, ஃபிகாரோவாக நடிக்கும் நட்சத்திரத்துக்கு இணையான ஒருவரைத் தேடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அரங்கின் பின்வரிசைப் பார்வையாளன்