ஃபெனிடாயின் ஊசி: வார்டு சிஸ்டர்ஸ் கவனத்துக்கு

வணக்கம் சிஸ்டர்ஸ். வலிப்போடு வருபவர்களுக்கு வலிப்பை அடக்கும் ஃபெனிடாயின் மருந்தை ஐவியில் (நேரடியாக ரத்தக் குழாயில்) போடும்போது கவனிக்க வேண்டியவை இவை. புதிதாகச் சேர்ந்தவர்கள் நிதானமாகப் படியுங்கள்.

டெக்ஸ்ட்ரோஸில் (குளுக்கோஸ் நீரில்) கலக்கவே கூடாது. கலந்தால் மருந்து திரிந்து படிகமாகிவிடும். நார்மல் சலைன் (உப்பு நீர்) மட்டும்தான். அதே லைனில் ஏற்கெனவே டெக்ஸ்ட்ரோஸ் ஓடியிருந்தால் சலைன் விட்டு லைனைக் கழுவி (ஃப்ளஷ் செய்து) விட்டுத் தொடங்குங்கள். முடிந்ததும் மறுபடி ஒரு ஃப்ளஷ்.

பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 50 மி.கி.யைத் தாண்டக் கூடாது. 1000 மி.கி. லோடிங் டோஸ் (தொடக்கத்தில் கொடுக்கும் பெரிய அளவு) என்றால் குறைந்தது 20 நிமிடம் ஆகும். வயதானவர்கள், இதய நோயாளிகளுக்கு இன்னும் மெதுவாக. வேகம் கூடினால் பிரஷர் இறங்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். மானிட்டர் மாட்டாமல் ஆரம்பிக்காதீர்கள், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரி.

புறங்கையில் உள்ள மெல்லிய ரத்தக் குழாய் வேண்டாம், முன்கையில் பெரிதாகப் பாருங்கள். மருந்து கசிந்தால் கை வீங்கி ஊதா நிறமாகும். "எரியுது சிஸ்டர்" என்றால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். ஆனால் வலிப்பு வந்து அரைமயக்கத்தில் கிடப்பவர் வாய் திறந்து சொல்ல மாட்டார். கேனுலா (மருந்து ஏறும் சிறு குழாய்) இருக்கும் இடத்தை நாம்தான் தொட்டுத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

முன்னதாக லோரசெபாம் (வலிப்பை நிறுத்தும் இன்னொரு ஊசி, மூச்சைக் குறைக்கலாம்) போயிருந்தால் மூச்சையும் எண்ணுங்கள், ஆம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை) கட்டில் பக்கத்திலேயே இருக்கட்டும்.

ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் குழாயில்) ஃபெனிடாயின் கொடுப்பவர்கள் ஃபீடோடு (குழாய் உணவோடு) சேர்த்துக் கொடுக்க வேண்டாம், மருந்து சரியாக உடம்பில் சேராது. எவ்வளவு இடைவெளி என்று டாக்டரிடம் கேட்டு சார்ட்டில் எழுதி வையுங்கள்.