பொங்கலுக்குப் பறை அடிக்க ஆனியிலேயே தொடங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் தென்புறத்தில் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும், நாலைந்து பேர் சேர்ந்து வீடெடுத்துத் தங்கும் இடங்களிலும், வேலைக்குப் போகும் மகளிர் விடுதிகளிலும் பெரியவர்களுக்கான பறைப் பயிற்சியை ஒருங்கிணைப்பவர்கள் நாங்கள். மார்கழி பிறந்துவிட்டால் போதும், "பொங்கலுக்கு நாங்களே அடிக்க வேண்டும், மூன்று வாரத்தில் சொல்லித் தருவீர்களா?" என்று கேட்டு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். மூன்று வாரத்தில் முடியாது. முப்பது, நாற்பது வயதில் முதன்முதலாகக் குச்சி பிடிப்பவருக்கு ஆறு மாதமாவது வேண்டும். ஆனியில் தொடங்கினால் தைக்குச் சரியாக இருக்கும். அதனால்தான் இப்போதே எழுதுகிறோம்.

வயது வந்தவர்கள் பறையைப் பாதியில் விடுவதற்குத் திறமைக் குறைவு காரணமல்ல. வகுப்பு பத்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை போய் இரண்டு மணி நேரம் அடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு வரை குச்சியைத் தொடாமல் இருப்பார்கள். கை பழகியதெல்லாம் அந்த ஆறு நாளில் போய்விடும். ஒரே வீட்டிலோ ஒரே வளாகத்திலோ இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, பறையின் தாளக்கோவையான அடியை வாயால் சொல்லித் தொடையில் தட்டினால் பத்து நிமிடம் போதும். வகுப்புக்கு வராதவருக்கு அடுத்த அறையில் இருப்பவர் சொல்லிக் கொடுத்துவிடுவார். தனியாளாக வகுப்பில் சேர்வதைவிட, கூடி வாழும் இடத்திலேயே குழு அமைப்பது மேல் என்று நாங்கள் உறுதியாகச் சொல்வது இதனால்தான்.

பத்துப் பேர் இருந்தால் பத்துப் பறை வாங்கிவிடாதீர்கள். ஆறு போதும். ஆறு பேர் அடிக்கும்போது நான்கு பேர் கைதட்டி எண்ணிக்கை சொல்ல வேண்டும். கால் மணிக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். புதிதாகத் தோளில் மாட்டுபவருக்கு இடது தோளும் மேல்கையும் அதற்குள் வலிக்கத் தொடங்கிவிடும். வலியைப் பொறுத்துக்கொண்டு அடித்தால் பறை கீழே சரியும், குச்சியின் கோணம் மாறும், தவறான பழக்கம் அப்படியே கையில் தங்கிவிடும். தாளம் பிடிபடுவதும் பெரும்பாலும் எண்ணிக்கை சொல்லும் அந்த ஓய்வு நேரத்தில்தான்.

மரச்சட்டமா, இரும்பு வளையமா, ஃபைபரா என்று எல்லோரும் கேட்கிறார்கள். மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, இரும்புப் பட்டையால் இணைத்து, புளியங்கொட்டைப் பசையில் மாட்டுத்தோலை ஒட்டிய பறைக்கு இணையான நாதம் வேறெதிலும் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் அது ஈரத்தை உறிஞ்சித் தொய்ந்துவிடும். ஃபைபர் பறைக்கு மழையும் ஒன்றுதான், வெயிலும் ஒன்றுதான். தோலை இறுக்கத் தீயில் காய்ச்ச வேண்டியதில்லை. ஆனால் ஓசை சற்றுக் கீச்சென்று இருக்கும், அடியின் கனம் கேட்காது. நான்கு தோல் பறை, இரண்டு ஃபைபர் பறை என்பது எங்கள் பரிந்துரை. செய்பவரிடமே நேரில் போய் வாங்குங்கள். தோலை விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்பது தெரிந்துவிடும். ஓரத்தில் மெலிந்த தோல் அங்கேதான் முதலில் கிழியும்.

குச்சிகள் இரண்டு. வலது கைக்கு அடிக்குச்சி: பூவரசு போன்ற மரத்தில் குட்டையாக, தடிமனாக, சுமார் 18 செ.மீ. இடது கைக்குச் சுண்டுக்குச்சி: மூங்கிலைச் சீவியது, மெல்லியது, சுமார் 28 செ.மீ. சுண்டுக்குச்சிதான் அடிக்கடி உடையும். ஆளுக்கு மூன்று வைத்துக்கொள்ளுங்கள். குச்சி அடிக்கடி உடைகிறதென்றால் கோளாறு குச்சியில் இல்லை, அது தோலில் விழாமல் சட்டத்தின் விளிம்பில் விழுகிறது என்று பொருள். பறையை உடம்போடு சேர்த்து அணைத்து, இடது மேல்கையால் அழுத்தி, இடது மணிக்கட்டு விளிம்புக்கு மேல் சுதந்திரமாக அசையும்படி வார்ப்பட்டையின் நீளத்தைச் சரிசெய்ய வேண்டும். உயரமானவரும் குள்ளமானவரும் ஒரே பறையை மாறி மாறிப் பயன்படுத்தும்போது பட்டையை மாற்றிக் கட்டாமல் விட்டுவிடுகிறார்கள். புதியவர்களின் தோள்வலியில் பாதி அதனால் வருவதுதான்.

முதல் மாதத்தில் பறையே வேண்டாம். வாய், பிறகு கால், பிறகு கை என்பதே வரிசை. அடியை வாயால் சரளமாகச் சொல்ல வரட்டும். பிறகு சொல்லிக்கொண்டே நான்கு எண்ணிக்கைக்கு நடக்கட்டும். கடைசியில் பழைய நோட்டுப் புத்தகத்தின் மேல் குச்சியால் தட்டட்டும். முதல் நாளே பறையை மாட்டி, அடியும் ஆட்டமும் ஒன்றாகக் கற்கப் போனால் கால் தாளத்தை விட்டுவிடும், அதைப் பிடிக்கக் கை வேகமெடுக்கும். புதிய குழுக்கள் எல்லாவற்றிலும் கேட்கும் குறை இதுதான்: தொடங்கிய வேகத்தைவிட முடிக்கும் வேகம் கூடுதலாக இருக்கும். ஒருவரை மட்டும் அடிக்க விடாமல் நடுவில் நிற்கவைத்துக் கைதட்டச் சொல்லுங்கள். மற்றவர்கள் தங்கள் குச்சியைப் பார்க்காமல் அவருடைய கையைப் பார்க்கட்டும். இரண்டு வாரத்தில் வேகம் அடங்கும். கான்கிரீட் தளத்தில் வெறுங்காலோடு குதித்து ஆடுவது நாற்பதைத் தாண்டிய முழங்காலுக்கு ஆகாது. மண் தரையோ, புல்வெளியோ, தடித்த ஜமக்காளமோ வேண்டும்.

இனி காய்ச்சுவது. தோல் தளர்ந்திருந்தால் பொத்துப் பொத்தென்று ஓசை வரும். வைக்கோல், காய்ந்த சருகு, பழைய காகிதம் கொண்டு சிறு தீ மூட்டி, பறையைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அவ்வப்போது விரல் நுனியால் ஓரத்தைத் தட்டிப் பாருங்கள். ஓசை கணீரென்று ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் சூடேற்றினால் தோல் வெடிக்கும், அல்லது விளிம்பில் பசை விட்டுப் பெயரும். வாகன நிறுத்தத்தில் மட்டும் எக்காரணம் கொண்டும் தீ மூட்டாதீர்கள். பெட்ரோல் வண்டிகள் நிற்கும் இடம் அது. திறந்த வெளியில் தீ மூட்ட வழியில்லாத வளாகங்களில் மொட்டைமாடி வெயிலே போதும். பிற்பகலில் தோல் பக்கத்தைச் சூரியனுக்குக் காட்டிச் சாய்த்து வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிப் பார்த்து எடுங்கள். அடித்து முடித்ததும் பாலிதீன் பையில் போட்டுக் கட்டி வைப்பது பெரிய தவறு. ஈரம் உள்ளேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி, சுவரில் ஆணியடித்து உயரத்தில் மாட்டுங்கள். தரையில் கிடக்கும் பறைத் தோலை எலி ஒரே இரவில் கடித்துவிடும்.

இடமும் நேரமும் சரியாக அமையாமல் கலைந்துபோன குழுக்கள் பல. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரையை இரவு என்கின்றன. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் வரம்பு. ஆறு பறை சேர்ந்தால் பகல் வரம்பையும் எளிதாகத் தாண்டிவிடும். எனவே "பகலில்தானே அடிக்கிறோம்" என்று அண்டை வீட்டாரோடு வாதாடுவதில் பயனில்லை. வாரத்தில் ஒரே ஒரு நாள், ஞாயிறு மாலை 5 மணி முதல் 6:30 வரை என்று முன்கூட்டியே அறிவித்து, சொன்ன நேரத்தில் நிறுத்திக் காட்டுங்கள். பொதுத் தேர்வுக் காலத்தில் பறையை எடுக்கவே வேண்டாம். வளாகத்தில் துக்கம் நேர்ந்தால் அந்த வீட்டாரைக் கேட்டுக்கொண்டு பிறகு தொடங்குங்கள். அடித்தளத்து வாகன நிறுத்தம் மழைக்கு ஒதுங்க நல்ல இடம்தான். ஆனால் நாலாபுறமும் கான்கிரீட் என்பதால் எதிரொலி தாமதமாகத் திரும்பி வந்து தாளத்தைக் குழப்பும். வார நாட்களில் வீட்டுக்குள் அடிக்க வேண்டுமானால், பறையின் திறந்த பின்புறத்தில் மடித்த துண்டைத் தோலை ஒட்டி வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஓசை நன்றாகவே அடங்கும். தோலில் குச்சி துள்ளும் உணர்வும் சேர்ந்து அடங்கிவிடுவதால் எப்போதும் அப்படியே பழகிவிடக் கூடாது. ஆசானுக்குக் காதடைப்பான் வாங்கிக் கொடுங்கள். மாலை முழுவதும் ஆறு பறைக்கு நடுவே நிற்பவர் அவர்தான்.

பொதுப் பணத்தில் வாங்கிய பறை யாருடையது என்பதை முதல் நாளே எழுதி வைக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்கள் பதினோரு மாதத்தில் வீடு மாறுவார்கள். பறையோடு போனால் குழுவே நின்றுவிடும். ஒரு நோட்டில் பறைக்கு எண் கொடுத்து, யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்று கையெழுத்து வாங்குங்கள். பறை குழுவுக்கு, குச்சி அவரவருக்கு என்பது எளிய ஏற்பாடு.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் சில குடியிருப்போர் சங்கங்கள் அனுமதி மறுக்கின்றன. காரணம் ஒலி என்பார்கள். சற்றுப் பேசினால் "அது சாவு மேளமாயிற்றே" என்பது வெளியே வரும். அதே வளாகத்தில் போகிப் பண்டிகை விடியலில் பிள்ளைகள் போகி மேளம் கொட்டுவதை யாரும் தடுப்பதில்லை. இந்த மறுப்பு அநியாயமானது. பறையில் கோயில் விழாவை அறிவிக்கும் சாமிச்சாட்டு அடி உண்டு, சப்பரத்து அடி உண்டு, வாழ்த்தடி உண்டு. சாவுக்கு அடிப்பது ஒடுக்கப்பட்ட மக்கள் மீது கட்டாயமாகச் சுமத்தப்பட்ட வேலை. அந்த இழிவை மறுத்துப் பறையையே கீழே வைத்தவர்கள் இருக்கிறார்கள். அதே பறையை மேடைக்குக் கொண்டுவந்து மதிப்பை மீட்டவர்களும் இருக்கிறார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையெடுத்து ஆடினார்கள். 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் விழா பூங்காக்களிலும் கடற்கரையிலும் நாட்டுப்புறக் கலைகளை அரங்கேற்றியது. மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. இதற்குப் பிறகும் வளாகத்துக்குள் பறை வரக் கூடாது என்பவர்கள் தங்கள் காரணத்தைச் சங்கக் கூட்டத்தில் வாய்விட்டுச் சொல்லட்டும், பதிவேட்டில் எழுதட்டும் என்று கேட்கிறோம்.

கற்க வருபவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். காணொளி பார்த்துக் கற்றுக்கொள்கிறோம், ஆசான் எதற்கு என்று சில குழுக்கள் நினைக்கின்றன. குச்சியின் கோணம் இரண்டு விரல்கடை மாறினால் காணொளி திருத்தாது. பரம்பரையாக அடித்துவரும் கலைஞரைத் தேடிப் போய் அழையுங்கள். வகுப்புக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு, போக்குவரத்துச் செலவைத் தனியாகக் கொடுங்கள். மழையால் வகுப்பு நடக்காத நாளுக்கும் பணம் கொடுங்கள், அந்த நாளை அவர் உங்களுக்காக ஒதுக்கி வைத்தவர். மற்ற ஆசிரியர்களை "சார்" என்று அழைக்கும் குடியிருப்பில் இவரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் வேண்டாம். காவலாளி இவரைத் தடுத்து நிறுத்தாமல் விடும்படி வாயிலில் முன்பே சொல்லி வையுங்கள். பொங்கல் அழைப்பிதழில் விருந்தினர் பெயருக்கு மேல் அவர் பெயர் வரட்டும்.

சங்கங்களின் மாதக் கூட்டம் பெரும்பாலும் முதல் ஞாயிறுகளில் நடக்கிறது. இந்த மாதக் கூட்டத்திலேயே பயிற்சி நாள், இடம், பறைகளை மாட்டி வைக்க ஒரு பூட்டிய அறை ஆகிய மூன்றையும் முடிவு செய்து எழுதிவிட்டால், ஆடிக்குள் ஆசானைப் பேசி வாய்ப்பாடத்தைத் தொடங்கிவிடலாம். ஆவணியில் பறைகள் கைக்கு வந்தால் போதும்.

இப்படிக்கு,
பறைப் பயிற்சி ஒருங்கிணைப்பாளர்கள்,
சென்னை