தனுஷ்கோடி வரைபடத்தின் ஓரங்கள்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் தனுஷ்கோடியின் பழைய நில அளவை வரைபடத்தைக் கண்டதும் உண்டான மகிழ்ச்சி, அதன் கீழே ‘மணல் திட்டில் இருந்த சிறு மீனவர் குப்பம்’ என்று அச்சாகியிருந்ததைப் படித்ததும் போய்விட்டது. மீனவர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் படத்திலேயே இருப்புப்பாதை கப்பல் துறைவரை செல்கிறதே! 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின் போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் அங்கே இறங்கித்தான் இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பல் ஏறினார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. கொழும்புக்குக் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன எங்கள் ஐயாவும் அவ்வழியே போய் வந்தவர்கள்தாம்.

அதைவிட வருத்தம், படத்தின் நான்கு ஓரங்களையும் வெட்டிவிட்டீர்கள். அளந்த ஆண்டு, தாள் எண், குறியீட்டு விளக்கம், அளவுக்கோடு எல்லாம் ஓரத்தில்தான் இருக்கும். அங்குலத்துக்கு ஒரு மைல் என்று வரைந்த தாளைச் சுருக்கி அச்சிட்டால் அந்தக் கணக்குப் பொருந்தாது. கூடவே சுருங்கும் அளவுக்கோடு ஒன்றே தூரத்தைச் சரியாகச் சொல்லும். எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் துணி ஒட்டி மடித்த இதே தாள் இருக்கிறது. அதன் ஓரத்தில், ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளுக்கு 50 அடி உயர இடைவெளி என்று அச்சிட்டிருக்க, ஊர்ப்பகுதியில் ஒரு கோடுகூட இல்லை. அத்தனை தாழ்வான நிலம் அது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் கடல் ஊருக்குள் ஏறிப் பயணிகள் ரயிலையே கொண்டுபோனதன் காரணம் அந்த வெற்றிடத்தில் தெரிகிறது. ஓரம் இல்லாத படத்தில் அது வெறும் வெள்ளைத் தாள்.

சென்ற ஆண்டு வேறொரு துறைமுகத்தின் படத்தையும் இப்படியே வெட்டினீர்கள். நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. கடலோரத் தாள்கள் பொதுமக்களுக்குக் கிடைக்காதிருந்த காலத்தில் ஓர் அலுவலகத்தில் பலமுறை கேட்டு வெறுங்கையோடு திரும்பியவன் நான். 2005-இல் தேசிய வரைபடக் கொள்கை வந்து, 2021-இல் கட்டுப்பாடுகள் மேலும் தளர்ந்த பிறகு, கிடைத்த படத்தையும் அரைகுறையாகக் காட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்த இணைப்பில் அதே படத்தை ஓரங்களோடு, அளந்த ஆண்டும் தாள் எண்ணும் தெரியும்படி வெளியிட்டு, கீழ்க்குறிப்பைத் திருத்துமாறு பணிவுடன் வேண்டுகிறேன். தேவைப்பட்டால் என் தாளைத் தங்கள் காரைக்குடி நிருபரிடம் தரச் சித்தமாயிருக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தேவகோட்டை